டங்கன் காட்டிய தேயிலைத் தோட்டம்

வேற்று நாட்டிலிருந்து வந்தோர் தாம் புகுந்த நாட்டை எவ்வாறு கண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பெரிதும் விரும்பி ஆராயும் பொருள்களுள் ஒன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்துக்கு வந்த சீன யாத்திரிகர் பாகியனும், 1344ஆம் ஆண்டு சிவனொளிபாத மலையேறிய இபுனு பதூதாவும் எழுதிவைத்த குறிப்புக்கள் இலங்கை வரலாற்றுக்கு இன்றும் பயன்படுகின்றன. எழுதுகோலுக்குப் பதிலாகக் கமராவை ஏந்தி வந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சியோ அத்துணை வளர்ந்திலது. அவ்வாராய்ச்சிக்குத் துணைபுரியும் விவரணப்படம் ஒன்று 2013ஆம் ஆண்டு வெளிவந்தது. கரண் பாலி என்னும் இந்திய நெறியாளர் ஆக்கிய அப்படத்தின் பெயர் ‘ஆன் அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்பது. சென்னையில் ஓர் அமெரிக்கர் என்று அதனைத் தமிழிற் கூறலாம். தமிழ் ஒரு சொல்லும் அறியாது வந்து, பதினைந்தாண்டுகள் தமிழ்ப்படங்களை நெறிப்படுத்தி, மீண்டும் தம் நாட்டுக்கே சென்றுவிட்ட எல்லிஸ் ஆர். டங்கன் என்பாரின் கதையே அவ்விவரணப்படத்தின் பொருள்.

சென்னையிற் படமெடுத்த அமெரிக்கர் ஒருவரின் வரலாற்றில் உடப்புசல்லாவையிலும் ஹற்றனிலும் வாழ்வோர்க்கு என்ன தொடர்பு என்று ஒருவர் வினவலாம். தொடர்பு உண்டு. டங்கன் தாமே நெறிப்படுத்திய முதற்படத்தின் தலைமகன், சென்னையிலிருந்து ஓடிவந்து இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிற் கூலியாகிறான். தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தொட்ட முதல் தமிழ்ப் பேசும்படங்களுள் அது ஒன்றாகும். அதனை ஆக்கியவர் ஓர் அமெரிக்கர் என்பது வியப்புக்குரியது. அப்படம் இன்று எங்கும் இல்லை என்பது அதனினும் பெரிதாகக் கருதத்தக்கது.

டங்கன் 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துப் பார்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற் சலனப்படக் கலை பயின்றபொழுது மாணிக்லால் டாண்டன் என்னும் இந்திய மாணவர் அவர்க்கு உடன்பயின்ற தோழரானார். உலகப் பொருளாதார மந்தம் ஹொலிவூட்டையும் வாட்டிய காலம் அது. இந்தியாவுக்கு வந்தால் படத்தொழிலில் வாய்ப்புண்டு என்று டாண்டன் அழைக்க, டங்கனும் மைக்கேல் ஓர்மலெவ் என்னும் மற்றொரு தோழரும் 1935ஆம் ஆண்டு புறப்பட்டு வந்தனர். ஆறு மாதம் தங்கித் திரும்புவதே டங்கனின் எண்ணம். டாண்டன் அப்பொழுது கே. பி. சுந்தராம்பாளைத் தலைமைப் பாத்திரமாகக் கொண்டு ‘நந்தனார்’ படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதிற் சில காட்சிகளைப் படமாக்க உதவியதே டங்கன் தமிழ்ப்படத்துறையிற் புகுந்த வாயில். அடுத்து மருதாசலம் செட்டியார் டாண்டனை நாடி வந்தபொழுது, டாண்டன் தம் தோழரைச் சுட்டிக்காட்டினார். அவ்வகையிற் பிறந்த படமே ‘சதி லீலாவதி’.

தமிழ்ப் பேசும்படம் 1931ஆம் ஆண்டு ‘காளிதாஸ்’ படத்துடன் தோன்றி அப்பொழுது ஐந்தாண்டுகூட நிரம்பவில்லை. படமென்பது பெரும்பாலும் நாடக மேடையைக் கமராவின் முன் கொணர்ந்து நிறுத்துவதாகவே இருந்தது. கமரா ஓரிடத்தில் அசையாது நிற்கும். நடிகர் அதனைச் சபையெனக் கருதி உரத்துப் பேசுவர். பாட்டுக்கள் ஐம்பதைத் தாண்டுவதும் உண்டு. புராணக் கதைகளே மிகுதி. இம்மரபுகளைப் பற்றி ஒன்றும் அறியாத டங்கனுக்கு அவற்றின்மீது பற்றும் இருக்கவில்லை. கமராவை நகர்த்தினார், முகத்தை அண்மையிற் காட்டினார், மேடைக்குரிய ஒப்பனையைக் குறைத்தார். வசனத்தை ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதுவித்து வைத்துக்கொண்டு, பொருளைத் துணைவர் வாயிலாகக் கேட்டறிந்து பணிபுரிந்தார். சொல்லின் பொருள் விளங்காதவனுக்கு முகத்தின் பொருள் விரைவில் விளங்கும். அவருடைய குறையே அவர்க்கு ஒருவகைக் கருவியாயிற்று எனலாம்.

பின்னாளில் தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ (1937), நாதசுரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை நடித்த ‘காளமேகம்’ (1940), எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் இணைந்த ‘சகுந்தலை’ (1940), ‘மீரா’ (1945), பாரதிதாசனின் காவியத்தைத் தழுவிய ‘பொன்முடி’ (1950), மு. கருணாநிதி வசனமெழுதிய ‘மந்திரிகுமாரி’ (1950) என அவர் பெயரைத் தாங்கிய படங்கள் பல. அவற்றுள் எது சிறந்தது என்பது ஈண்டு ஆராயற்பாலதன்று. பக்திச் சுவைக்கே இலக்கியமென்று இன்றும் போற்றப்படும் மீராவை, இந்துசமய மரபிற் பிறவாத ஒருவர் நெறிப்படுத்தினார் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளலாம். அதே கையினால் எடுக்கப்பட்ட பொன்முடியின் காதற் காட்சிகள் வரம்பு கடந்தன என்று கண்டிக்கப்பட்டதும் உண்டு. அந்நியர் ஒருவர் எங்கே பாராட்டப்படுவார், எங்கே ‘இவர் நம்மவர் அல்லர்’ என்று சுட்டப்படுவார் என்பதற்கு இவ்விரு படங்களும் தக்க சான்று.

இனிச் சதி லீலாவதியை நோக்குவாம். 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்த அப்படத்தின் மூலம் எஸ். எஸ். வாசன் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. அக்கதைக்கும் ஒரு மூலம் உண்டு. ஹென்றி வூட் அம்மையார் என்னும் ஆங்கில நாவலாசிரியை 1860இல் மதுவிலக்கை வற்புறுத்தி எழுதிய ‘டேன்ஸ்பெரி ஹவுஸ்’ என்பதே அது. ‘பதிபக்தி’ என்ற மற்றொரு படத்தின் கதையும் சதி லீலாவதியின் கதையும் ஒன்றேபோல் இருந்தமையால் வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் அவ்வாங்கில நாவலே ஊற்று என வாசன் நீதிமன்றிற் சான்று கூறியபின் அது தீர்ந்தது. ஆகவே, ஆங்கிலப் பெண்மணியின் கதை தமிழ்ப் பத்திரிகையாளரின் கையில் உருமாறி, அமெரிக்கரின் கமராவினுட் புகுந்து தமிழ்ப்படமாயிற்று. தமிழ்ப்படங்கள் முற்றிலும் தமிழ்மண்ணிலேயே முளைத்தவை என்று நம்புவோர் இவ்வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குதல் நலம்.

கதை சுருக்கமாக இது. கிருஷ்ணமூர்த்தி என்னும் செல்வன், தீய நண்பன் ஒருவனின் வலையில் வீழ்ந்து குடிக்கும் பரத்தைக்கும் அடிமையாகிறான்; பொருளை இழக்கிறான்; மனைவி லீலாவதிமீது வீண் ஐயங்கொண்டு, குடிவெறியில் ஒருவனைக் கொன்றுவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடுகிறான். ஆங்குத் தேயிலைத் தோட்டத்திற் கூலியாகி உழைக்கிறான். ஒருநாள் புதையலொன்று அவன் கண்ணிற் படுகிறது. அதனை மறைக்காது முதலாளியிடம் ஒப்படைக்க, அவர் அவன் நேர்மையை வியந்து அவனைத் தத்தெடுக்கிறார். பின்பு தாயகம் மீண்டு, உண்மை வெளிப்பட, குடும்பம் ஒன்றுசேர்கிறது. கிருஷ்ணமூர்த்தியாக நடித்தவர் எம். கே. ராதா. டி. எஸ். பாலையாவும் என். எஸ். கிருஷ்ணனும் முதன்முதல் திரையில் தோன்றியது இப்படத்திலேயே. காவல் அதிகாரியாகச் சிறு வேடமொன்றில் வந்த இளைஞருக்கும் அதுவே முதற்படம். அவர் எம். ஜி. இராமச்சந்திரன். அவர் பிறந்த ஊர் மலைநாட்டின் வாயிலாகிய நாவலப்பிட்டி.

கடன்பட்டவனும் பழிக்கஞ்சியவனும் இலங்கைக்கு ஓடுவான் என்று கதை கூறினால், 1936ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு மக்களுக்கு அதை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் 1914 முதல் ஓடிக்கொண்டிருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளில் உறவினர் ஒருவரையேனும் கண்டிச் சீமைக்கு அனுப்பாத சிற்றூர்கள் சிலவே. மண்டபம் முகாமும், கங்காணியின் முன்பணமும், பெரட்டுக்களத்துத் தப்போசையும் ஊருக்கு மீண்டவர் வாயிலாக யாவரும் கேட்டறிந்தவை. அதே ஆண்டுகளிற் புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’ என்னும் கதையிற் காட்டிய தேயிலைத் தோட்டம், புதையலுக்கும் தத்துப்பிள்ளைக்கும் இடமில்லாத தோட்டம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாசனின் கதை எங்கே உண்மையை விட்டு விலகுகிறது என்பது தெளிவாகும். கூலியைத் தத்தெடுத்த துரை எவரையும் தோட்டத்து மக்கள் கண்டதில்லை.

அன்றியும், படத்தில் தோட்டம் ஒரு செல்வன் தன் பாவத்தைக் கழுவும் இடமாக வருகிறதே ஒழிய, மக்கள் பிறந்து வளர்ந்து மடியும் ஊராக வரவில்லை. கிருஷ்ணமூர்த்தி வந்தான், உழைத்தான், திரும்பினான். அவனருகே நிரையிற் கொழுந்து பறித்தவள் அவ்வாண்டிற் பெரும்பாலும் அத்தோட்டத்து லயத்திலேயே பிறந்தவள். அவளுக்குத் திரும்பிச்செல்லச் சென்னையில் மாளிகை இல்லை. மதுவைக் கடிய வந்த கதை தேயிலைத் தோட்டத்தைத் தூய்மை பெறும் இடமாகத் தேர்ந்ததிலும் ஒரு முரண் உண்டு. தோட்டங்களை அடுத்து நின்ற தவறணைகள் தொழிலாளரின் கூலியில் எவ்வளவைக் கொண்டன என்பதை அறிந்தே, 1927ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த காந்தியடிகள் அவர்களிடையே மதுவிலக்கை வற்புறுத்தினார்.

இத்தனை குறையிருந்தும் சதி லீலாவதியைத் தள்ளிவிடுதல் முறையாகாது. அதற்கு இரண்டாண்டின் முன் மற்றொரு வெளிநாட்டவர் எடுத்த படத்துடன் ஒப்புநோக்கினால் அதன் மதிப்பு விளங்கும். ‘சோங் ஒஃப் சிலோன்’ (1934) என்னும் அவ்விவரணப்படத்தை அறியாத சலனப்பட மாணவர் உலகில் இல்லை எனலாம். அதனை ஆக்கியவர் பஸில் ரைட் என்னும் ஆங்கிலேயர். இலங்கைக்கு வந்தபொழுது அவர்க்கு வயது இருபத்தாறு. விவரணப்பட இயக்கத்தின் தந்தையெனப்படும் ஜோன் கிரியர்சன் அதன் தயாரிப்பாளர்.

அப்படத்துக்குப் பணம் வந்த வழி கவனிக்கத்தக்கது. 1929ஆம் ஆண்டின் பின் தேயிலை விலை சரிந்தது. தோட்டங்களில் வேதனம் குறைக்கப்பட்டது. தொழிலாளர் பலர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலையை நிமிர்த்த உலகெங்கும் தேயிலையை விளம்பரப்படுத்துவது ஒரு வழியெனக் கண்டு, 1932ஆம் ஆண்டு இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைக்கப்பட்டது. அச்சபை வேண்டியவை நான்கு சிறு விளம்பரப் படங்கள். ரைட் கொடுத்ததோ நாற்பது நிமிடம் வரை ஓடும், நான்கு பகுதிகளைக் கொண்ட ஒரே படம். புத்தர், கன்னித் தீவு, வாணிகக் குரல்கள், தெய்வத்தின் ஆடை என்பன அப்பகுதிகள். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்வோரில் தொடங்கி, பொலநறுவைக் கல் விகாரையின் புத்தர் திருவுருவங்களிலும் கண்டி நடனத்திலும் படம் முடிகிறது. தேயிலைக்கு அதிற் கிடைத்த இடம் சிறிதே. விளம்பரம் கேட்டவர்க்குக் கலை கிடைத்தது. 1935ஆம் ஆண்டு பிரசல்ஸ் நகர விழாவில் முதற்பரிசும் அதற்கே கிடைத்தது.

அதன் அழகைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. மணியோசையுடன் பறவையொன்று பறந்து செல்லும் காட்சியைக் கண்டவர் அதை மறத்தல் அரிது. மூன்றாம் பகுதியில் உழைக்கும் மக்களின் உருவங்கள் திரையிற் செல்ல, அவற்றின்மேல் இலண்டன் சந்தையின் விலைக்கூற்றும் வாணிகக் கடிதங்களின் வாசகங்களும் ஒலிக்கின்றன. உழைப்பு ஓரிடத்தும் அதன் விலை வேறோரிடத்தும் உறுதிசெய்யப்படுவதைச் சொல் விளக்கமின்றியே ரைட் உணர்த்திவிட்டார். பிரசாரச் சபையின் பணத்திலேயே இதனைச் செய்தது அவருடைய துணிவு.

எனினும், அப்படத்தின் விளக்கவுரை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்தால் ஒரு பெருங்குறை வெளிப்படும். கண்டி அரசனின் சிறையில் ஏறத்தாழ இருபதாண்டுகள் இருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களையே, கொழும்புக் கலைஞர் லயனல் வெண்ட் படத்தில் வாசிக்கிறார். பழைய இலங்கையைப் பற்றிய பழைய சொற்கள் படத்துக்குக் காவியப் பெருமையைத் தருகின்றன என்பது மெய்யே. ஆனால், மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பரவியது 1830களிலிருந்து. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலையைப் பயிரிட்டது 1867இல். தென்னிந்தியாவிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த தோட்டத் தமிழர் நொக்ஸின் காலத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டவர்கள். ஆகவே அவ்வுரையில் அவர்களைக் குறிக்க ஒரு சொல்லும் இருக்க இயலாது. கமரா அவர்களைக் கண்டது; உரையோ அவர்கள் வருமுன் எழுதப்பட்டது. ரைட் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என்று பழித்தல் தகாது. தொன்மையான இலங்கையைத் தேடி வந்தவர்க்குத் தொன்மையல்லாதோர் கண்ணிற் படினும் கருத்திற் படவில்லை.

அவர் படமெடுத்த ஆண்டில், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை சென்ற உடப்புசல்லாவைச் சிறு தண்டவாளப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மலையிற் கொழுந்தெடுத்தவளின் கூடையிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து அச்சிறு ரயிலுக்கும், ரயிலிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கும் சென்ற அப்பெட்டியின் பயணத்தையே வாணிகக் குரல்கள் என்னும் பகுதி பாடுகிறது என்று கொள்ளலாம். அப்பயணத்தின் முதற்படியில் நின்றவள் எந்த மொழி பேசினாள், எவ்வூரிலிருந்து வந்தவரின் மகள், எவ்வளவு கூலி பெற்றாள் என்பவற்றை அப்படம் கேட்கவில்லை.

டங்கனின் படம் கேட்டதா? முற்றாகக் கேட்டது என்று சொல்ல இயலாது. ஆயினும் தோட்டத்துக் கூலி என்பவன் அதிற் பெயருள்ள ஒருவன், தமிழ் பேசுபவன், அவன் துயரம் கதையின் நடுவே நிற்பது. அவனைக் கண்டு அழுதவர் அவன் மொழியே பேசிய மக்கள். ரைட் மலைநாட்டை நேரிற் கண்டவர். தமிழரின் வாயைத் திறக்கவில்லை. டங்கன் தமிழ் அறியாதவர். தமிழ்க் கூலியைப் பேசவைத்தார். கண்ணும் காதும் இவ்வாறு இரு அந்நியரிடையே பிரிந்து கிடந்தன. இரண்டும் ஒருவரிடத்தே அமைந்திருப்பின் எத்தகைய படம் பிறந்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இவ்விரு படங்களும் பெற்ற ஊழ் வேறுபட்டது. சோங் ஒஃப் சிலோன் பிரித்தானியத் திரைப்பட நிறுவகத்தினாற் பேணப்பட்டு, குறுந்தட்டாகவும் வெளியிடப்பட்டு, இன்றும் பல்கலைக்கழக வகுப்புக்களிற் காட்டப்படுகிறது. சதி லீலாவதிக்கோ இன்று அறியப்பட்ட பிரதி ஒன்றேனும் இல்லை. அக்காலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்றுப் பொருளால் ஆனவை. வெப்பநாட்டில் அவை விரைவிற் சிதைந்தன. எஞ்சியவற்றிற் பல அவற்றிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டன. இந்தியாவின் தேசியத் திரைப்படக் காப்பகம் 1964இல் தோன்றியபொழுது, முதற் பத்தாண்டின் தமிழ்ப்படங்களுட் பெரும்பாலானவை அழிந்துபோயிருந்தன. அரசின் நிறுவனம் ஒன்று பின்னின்ற படம் பிழைத்தது. கோயம்புத்தூர் வணிகர் ஒருவர் பணமிட்டு எடுத்த படம், ஓடித் தேய்ந்து மறைந்தது. எனவே தேயிலையை விற்றோர் பக்கத்துச் சான்று கையிலுண்டு. தேயிலை பறித்தோர் மொழியிற் பிறந்த சான்று கையில் இல்லை. விகடன் கதையும் சில நிழற்படங்களும் பார்த்தவர் கூற்றுக்களுமே எஞ்சியவை.

கரண் பாலியின் விவரணப்படத்தை மதிப்பிடுவோர் இதனை மறத்தலாகாது. டங்கனைத் தமிழ்நாட்டார் பலரே மறந்துவிட்ட காலத்தில், அவருடைய வாழ்வைத் தேடித் தொகுத்தது பாராட்டத்தக்க பணி. ஆனால் விவரணப்படம் என்பது எஞ்சியவற்றைக் கொண்டே பேசவேண்டும். மீராவும் மந்திரிகுமாரியும் கிடைக்கின்றன. ஆதலின் டங்கன் என்றதும் எம். எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் ஒளியை அமைத்தவர், ஆடலையும் காதலையும் புதுவகையிற் காட்டியவர் என்ற உருவமே நிலைக்கிறது. தமிழ்ப்படத்துக்கு வந்த முதலாண்டிலேயே குடியையும் கடனையும் தேயிலைத் தோட்டத்தையும் பொருளாக்கியவர் என்ற உருவம் பின்னே மங்கிவிடுகிறது. இது கரண் பாலியின் குற்றமன்று. இல்லாத படத்தைக் காட்ட எவராலும் இயலாது.

டங்கன் 1950இல் தமிழகத்தை விட்டுச் சென்று மேற்கு வேர்ஜீனியாவின் வீலிங் நகரில் விவரணப்படங்கள் எடுத்து வாழ்ந்து, 2001ஆம் ஆண்டு தொண்ணூற்றிரண்டாம் வயதிற் காலமானார். இந்தியாவில் எடுக்கப்பட்ட ஹொலிவூட் படங்கள் சிலவற்றுக்கும் பின்னர் வந்து உதவினார். ‘எ கைட் டு அட்வென்ச்சர்’ என்ற தன்வரலாற்றையும் எழுதினார். அவருடைய முதற்படத்தில் ஓரிரு காட்சிகளில் தோன்றிய நாவலப்பிட்டி இளைஞரின் படம் பிற்காலத்தில் மலைநாட்டு லயங்களிற் சாமி படங்களின் பக்கத்தே மாட்டப்பட்டது.

தோட்டத்துத் தொழிலாளரின் வாழ்வை மலைநாட்டவரே படமாக்க மேலும் நாற்பதாண்டுகள் சென்றன. தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த ‘புதிய காற்று’ 1975ஆம் ஆண்டு வெளிவந்தது. இலங்கையிற் பிறந்த படங்களும் அழிவுக்கு விலக்காகவில்லை. 1983ஆம் ஆண்டு ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபொழுது, ஆங்கிருந்த படச்சுருள்கள் பல சாம்பலாயின.